ஏழாவது ஜன்னலில் பதினோரு மணி

எங்கள் கோபுரத்தின் உச்சியிலிருந்து நகரத்தைப் பார்க்க மேலே ஒரு வட்டமான தளம் இருக்கிறது. கீழேயிருந்து அங்கே போக லிஃப்ட்டில் நாற்பத்தைந்து விநாடி ஆகும். அந்த லிஃப்ட்டை ஓட்டுவது நான். ஓட்டுவது என்றால் பொத்தானை அழுத்துவதுதான். ஆனால் பதினோரு வருஷமாக அழுத்துகிறவளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அதனால் ஓட்டுவது என்றே சொல்லிக்கொள்கிறேன். மேலே போனதும் ஆட்களை நான் ஒப்படைக்கிற மனிதரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவரைக் குச்சி அண்ணன் என்போம்.

ஆள் ஒல்லியாக இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். என் லிஃப்ட்டில் ஒன்றரை ஆள் இடம் பிடிக்கிற உடம்பு. இங்கே அவர் வேலைக்கு வந்ததே தரை துடைக்கத்தான். கோபுரம் திறந்த அன்று வழிகாட்டியாகப் போட்டிருந்தவர் டை எல்லாம் கட்டிக்கொண்டு வந்து, கண்ணாடி ஓரமாகப் போய்க் கீழே ஒரே ஒரு தரம் பார்த்தாராம். தலை கிறுகிறுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஐம்பது பேர் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்க, துடைத்துக்கொண்டிருந்த நம் அண்ணன் மாப்பைத் தலைகீழாகப் பிடித்து நீட்டி, "அதோ பச்சைக் கூரை தெரியுதே, அதான் மியூசியம்" என்றிருக்கிறார். அன்று நீட்டிய குச்சியை இருபத்துநாலு வருஷமாக அவர் கீழே வைக்கவில்லை. துணியைக் கழற்றிவிட்டு நுனியில் ரப்பர் மாட்டிக்கொண்டதோடு சரி.

தளத்தில் எட்டு ஜன்னல்கள். மியூசியம், ஆற்றுப் பாலம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம் என்று வரிசையாகக் காட்டிக்கொண்டு போவார். ஐந்தாவதில் பல்கலைக்கழக மணிக்கூண்டு. அது எப்போதும் இருபது நிமிஷம் பின்னால்தான் ஓடும், படித்தவர்கள் அவசரப்பட மாட்டார்கள் என்பார். ஆறாவதில் துறைமுகம். எட்டாவதில் சிறைச்சாலை. ஜனங்கள் ஆசை ஆசையாகப் பார்ப்பது சிறைச்சாலையைத்தான், அதனால் அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறார். ஏழாவது ஜன்னலில் பார்க்க ஒன்றுமே கிடையாது. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் இருபது மாடிக் கட்டடம் அலமாரி மாதிரி நிற்கும். அதற்குப் பக்கவாட்டில் கொஞ்சம் மொட்டை மாடிகள் தெரியும்.

உண்மையில் வருகிறவர்கள் மியூசியத்தையும் பாலத்தையும் பார்க்கவா வருகிறார்கள்? இரண்டாவது ஜன்னல் தாண்டுவதற்குள், "எங்க வீடு எங்க இருக்கு?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். தினமும் பார்க்கிற வீட்டை டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பதில் என்ன சுகமோ எனக்குப் புரிந்ததில்லை. அண்ணன் சலித்துக்கொள்ள மாட்டார். எந்தப் பகுதி என்று கேட்பார். குச்சியை அந்தப் பக்கம் நீட்டி, "நீலத் தண்ணித்தொட்டி ஒண்ணு தெரியுதா? அதுக்கு இடப்பக்கம் ரெண்டாவது" என்பார். உடனே குடும்பமே, "ஆமா ஆமா, நம்ம வீடேதான்!" என்று குதிக்கும். நீலத் தொட்டி இல்லாத தெரு இந்த நகரத்தில் கிடையாது. இப்படி எத்தனை ஆயிரம் குடும்பங்களுக்குப் பக்கத்து வீட்டைக் காட்டி அனுப்பியிருப்பாரோ தெரியாது. யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை.

ஆனால் அவருடைய சொந்த வீடுதான் அங்கேயிருந்து தெரியாது. அது அந்த இன்சூரன்ஸ் கட்டடத்துக்கு நேர் பின்னால், மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறது. ஒரு காலத்தில் தெரிந்தது. கல்யாணமான புதிதில் அண்ணிக்கு இந்த நகரத்தில் ஒருவரையும் தெரியாது. பகலெல்லாம் வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுவாராம். அண்ணன் ஒரு வழி சொன்னார். பதினோரு மணிக்குத் துணி காயப்போட மாடிக்கு வா, கோபுரத்தைப் பார்த்துக் கையை ஆட்டு, நானும் ஏழாவது ஜன்னலிலிருந்து ஆட்டுகிறேன் என்றார். எட்டு வருஷம் அப்படித்தான் நடந்தது. பிறகு இன்சூரன்ஸ் கட்டடம் மாடி மாடியாக எழும்பியது. அண்ணன் இங்கேயிருந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் அண்ணியின் கால் மறைந்தது, பிறகு இடுப்பு, பிறகு தோள். கடைசியில் தூக்கிய கை மட்டும் நாலு நாள் தெரிந்தது. ஒரு வியாழக்கிழமை அதுவும் போய்விட்டது.

அன்று சாயந்திரம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானமாகத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். கதவைத் திறந்த அண்ணி, "இன்னைக்கு நான் தெரிஞ்சேனா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் இவருக்கு வாய் வரவில்லை. "தெரிஞ்சியே" என்றார். அதோடு போச்சு. அப்புறம் ஒவ்வொரு நாளும் அதையே சொல்லவேண்டியதாயிற்று. சும்மா சொன்னால் நம்பிக்கை வராது என்று கை கால் வைத்து வேறு சொல்லுவார். "என்ன, இன்னைக்குக் கையைச் சட்டுனு இறக்கிட்டே?" என்பார். "அடுப்புல பால் வெச்சிருந்தேன்" என்பார் அண்ணி. இப்படிப் பதினைந்து வருஷம் ஓடியது.

இதையெல்லாம் அண்ணன் எனக்குச் சொன்னது போன மாதம், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்று. வருஷா வருஷம் ஊழியர் குடும்பங்களை ஒரு நாள் இலவசமாக மேலே அழைத்துப்போவார்கள். அண்ணன் அண்ணியை ஒரு வருஷம்கூட வரவிட்டதில்லை. ஒரு வருஷம் பனிமூட்டம் என்பார். ஒரு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் என்பார். என் லிஃப்ட்டை எனக்குத் தெரியாமலே எத்தனை தடவை ரிப்பேராக்கியிருக்கிறார் பாருங்கள்! இந்தத் தடவை அலுவலகம் அழைப்பிதழை நேராக வீட்டுக்கே அனுப்பிவிட்டது. அண்ணி பீரோவிலிருந்து நல்ல உடுப்பை எடுத்து வைத்துவிட்டார்.

"அது மட்டும் இல்லம்மா" என்றார் அண்ணன். "தான் இங்க வந்துட்டா வீட்டு மாடியில யாரு கை காட்டுவாங்கன்னு யோசிச்சு, தங்கச்சியை வரச் சொல்லியிருக்காளாம். சரியா பதினோரு மணிக்கு அவ மாடியில நின்னு சிவப்புப் போர்வையை ஆட்டுவாளாம். 'நீங்க தினமும் என்னைப் பார்க்கிற மாதிரி நானும் அவளைப் பார்க்கணும்'ங்கிறா."

"உண்மையைச் சொல்லிடுங்கண்ணே" என்றேன்.

"பதினஞ்சு வருஷத்துக்குமா? ஒரு நாள் பொய்யா இருந்தா சொல்லிடலாம். இத்தனை வருஷம் நான் சொன்னது எல்லாமே பொய்யின்னு ஆயிடுமே. அப்புறம் அவ என்னை எதுல நம்புவா?"

கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. நான் இரக்கப்பட்டுத் தொலைத்தேன். ஏழாவது ஜன்னலில் இன்சூரன்ஸ் கட்டடத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக ஒரு சலவைக்கடையின் மொட்டை மாடி தெரியும். அதே மாதிரி கொடி, அதே மாதிரி சுவர். அங்கே யாராவது நின்று சிவப்புப் போர்வையை ஆட்டினால் இவ்வளவு உயரத்திலிருந்து அண்ணிக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? யோசனை என்னுடையதுதான். இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? சலவைக்கடைக்காரரிடம் போய்ப் பேசினோம். நல்ல மனிதர், விஷயத்தைக் கேட்டு அவரே உருகிவிட்டார். "ஆள் கிடைக்கலன்னா நானே ஆட்டுறேன், கவலைப்படாதீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையை நாங்கள் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

அந்த நாளும் வந்தது. அண்ணியை நான்தான் மேலே அழைத்துப்போனேன். சின்ன உருவம், கூர்மையான கண். லிஃப்ட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுதான் அடிக்கடி கெட்டுப்போற லிஃப்ட்டாம்மா?" என்றார். நான் பொத்தானை அழுத்தினேன்.

அன்று அண்ணனைப் பார்க்கச் சகிக்கவில்லை. மியூசியத்தைப் பாலம் என்றார், ரயில் நிலையத்தில் கப்பல் நிற்கிறது என்றார். பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கூட்டத்தோடு ஏழாவது ஜன்னலுக்கு வந்து சேர்ந்தார். தொலைநோக்கியைச் சலவைக்கடை மாடிக்குத் திருப்பி வைத்தார்.

"அதோ, நம்ம மாடி. பாரு, உன் தங்கச்சி போர்வையை ஆட்டுறா."

அண்ணி குனிந்து கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னங்க."

"என்ன?"

"என் தங்கச்சிக்கு எப்போங்க வழுக்கை விழுந்துது?"

ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. சலவைக்கடைக்காரர் பனியனோடு தானே நின்று, தலை வெயிலில் பளபளக்க, பதினோரு மணிக்கு முன்னாலேயே உயிரைக் கொடுத்து ஆட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தொலைநோக்கியில் துறைமுகத்துக் கப்பலின் பெயரையே படிக்கலாம் என்று தினமும் பெருமையடிக்கிறவருக்கு, வழுக்கை தெரியும் என்று தோன்றவில்லை பாருங்கள். எனக்கும்தான் தோன்றவில்லை.

"தங்கச்சி வீட்டுலயே இல்லைங்க" என்றார் அண்ணி நிதானமாக. "பல் வைத்தியரைப் பார்க்கப் போயிருக்கா. போர்வை பீரோவுல இருக்கு. நீங்க என்ன செய்றீங்கன்னு பார்க்கத்தான் சொன்னேன்."

"உனக்கு... எப்போத்திலேர்ந்து தெரியும்?"

"உங்களுக்கு இங்கேர்ந்து வீடு தெரியலன்னா எனக்கு மட்டும் அங்கேர்ந்து கோபுரம் எப்படித் தெரியும்? எனக்கும் கோபுரம் கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சுதான் போச்சு. அன்னைக்கு நான் தெரிஞ்சேனான்னு கேட்டேன். தெரிஞ்சேன்னு சொன்னீங்க. சரி, உசரத்துலேர்ந்து தெரியும்போலன்னு சுவரைப் பார்த்து ஒரு மாசம் கையை ஆட்டினேன். அப்புறம் ஒரு நாள் காய்ச்சல், மாடிப்பக்கமே போகல. சாயந்திரம் வந்து பார்த்தேன்னு சொன்னீங்க. அன்னையோட நிறுத்திட்டேன்."

நகரத்தில் இந்தக் கோபுரம் தெரியாத வீடே இல்லை என்று இருபத்துநாலு வருஷமாகக் கூட்டத்துக்குச் சொல்லிவந்தவர் அவர். "அப்போ அந்த அடுப்புல வெச்ச பால்?" என்றார்.

"என்ன பால்? நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. "பொய் சொன்னதுகூடப் பரவாயில்லைங்க. பதினோரு மணிக்கு ஒரு மனுஷி இருக்காங்கிறதையே மறந்துட்டு, சாயந்திரம் வந்து வாய்க்கு வந்ததைச் சொல்றீங்களேன்னுதான் இருந்துது" என்றார்.

அந்த நேரத்தில்தான் பதினோரு மணி ஆனது. எதிரே இன்சூரன்ஸ் கட்டடத்தின் பன்னிரண்டாவது மாடியில் ஒரு ஜன்னல் பக்கம் குமாஸ்தாக்கள் நாலைந்து பேர் எழுந்து வந்து நின்றார்கள். ஒருவர் கையில் ஃபைல், ஒருவர் கையில் டீக் கோப்பை. எல்லாரும் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள்.

அண்ணி தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினார். "இவங்க யாரு? யாருக்குக் கை காட்டுறாங்க?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்துநாலு வருஷம் ஓயாமல் பேசிய மனிதர் பேச வேண்டிய இடத்தில் ஊமையாகிவிட்டால் எனக்குக் கோபம் வராதா? நானே சொன்னேன்.

"இவருக்குத்தான் அண்ணி. தினமும் சரியா பதினோரு மணிக்கு இந்த ஜன்னல்ல நின்னு அந்தக் கட்டடத்தைப் பார்த்துக் கையை ஆட்டுவார். நான் வந்து பதினோரு வருஷம் ஆச்சு, வேலைக்கு வந்த நாள்ல ஒரு நாள்கூட விட்டதில்லை. பார்க்க வர்றவங்களும் இதுவும் டிக்கெட்டுல சேர்த்தின்னு நினைச்சு ஆட்டுவாங்க. அதைப் பார்த்துப் பார்த்து அவங்களும் பதிலுக்கு ஆட்ட ஆரம்பிச்சுட்டாங்க. எதுக்குன்னு அவங்களுக்கும் தெரியாது. போன மாசம் வரைக்கும் எனக்கும் தெரியாது."

அண்ணி புருஷனைப் பார்த்தார். "தெரியாதுன்னு தெரிஞ்சுமா ஆட்டினீங்க?"

"நீ அங்க நிக்கிறேன்னு நினைச்சேன்" என்றார் அண்ணன். "நீ ஆட்டும்போது நான் சும்மா நின்னா நல்லா இருக்காதுல்ல."

அண்ணி தொலைநோக்கியை விட்டு விலகினார். எட்டாவது ஜன்னலைப் பார்க்காமலே லிஃப்ட்டுக்கு வந்துவிட்டார். கதவு மூடியதும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பாதி தூரம் இறங்கியதும், "அவரைக் கையும் களவுமா பிடிக்கத்தாம்மா வந்தேன்" என்றார். "நான் ஒரு மாசத்துலயே விட்டுட்டேனே!" அழுதுகொண்டிருந்தார். கீழே போய்ச் சேர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் கதவைத் திறக்காமல் வைத்திருந்தேன். லிஃப்ட் அன்று உண்மையிலேயே ரிப்பேர் என்று வெளியே நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

மறுநாள் அண்ணன் வழக்கம்போல வந்தார். வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒரு வார்த்தை பேச்சில்லையாம், சாப்பாடு மட்டும் வந்ததாம். பத்தரை மணிக் கூட்டத்தோடு நானும் மேலேயே நின்றுவிட்டேன். ஏழாவது ஜன்னலுக்கு வந்ததும் இனிமேல் கையை ஆட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் அண்ணன் குச்சியை உருட்டிக்கொண்டிருந்தார். மணி பதினொன்று. பன்னிரண்டாவது மாடி ஜன்னலுக்குக் குமாஸ்தாக்கள் வந்தார்கள். அவர்களுக்கு நடுவில் சிவப்பாக ஏதோ அசைந்தது.

நான் ஓடிப்போய்த் தொலைநோக்கியில் பார்த்தேன். அண்ணி! வாசல் காவலாளியிடம் என்ன சொல்லி ஏமாற்றினாரோ, பாலிசி எடுக்க வந்தேன் என்றாரோ என்னவோ, அவர்கள் அலுவலகத்துக்கு உள்ளேயே நுழைந்து, ஜன்னலுக்குக் குறுக்கே போர்வையை ஆட்டு ஆட்டென்று ஆட்டிக்கொண்டிருந்தார். ஃபைல் வைத்திருந்தவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணனுக்குத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். கூட்டமும் ஆட்டியது. நானும் ஆட்டினேன்.

கைக்குழந்தையோடு நின்ற ஒரு அம்மா அவரிடம், "அங்க சிவப்பா தெரியுதே, அது என்ன இடங்க?" என்று கேட்டார்.

"அதுவா?" என்றார் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அது எங்க வீடும்மா."

நீலத் தொட்டி எதையும் அவர் சொல்லவில்லை.