முத்துமீனாவின் கால் அளவுக்கு ஒரு சைக்கிள்

முத்துமீனாவுக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும். திருநகரில் உள்ள ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் பதினான்கு வருடமாக உதவியாளர் வேலை. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றிய கை, வீட்டில் ரசப்பொடி போடும்போதும் கரண்டியின் தலையைத் தட்டிச் சமம் செய்துகொள்ளும். "கண்ணளவு போதாதா மீனா?" என்று கணவன் முத்துக்குமரன் கேட்பான். "யாரு கண்ணுக்கு?" என்பாள் அவள்.

வீடு திருமங்கலத்தில். கல்லூரிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். தினமும் நின்றபடி பஸ் பயணம். ஒரு திங்கட்கிழமை காலை கப்பலூர் தாண்டி லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட, பஸ் இருபது நிமிடம் நகரவில்லை. அப்போது ஜன்னலோரமாக ஒரு சைக்கிள் போனது. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடி, ஓட்டியது தலை நரைத்த ஒரு பெண்மணி. அவசரமே இல்லாமல் மிதித்து, லாரியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். பஸ் ஒருவழியாகத் திருநகர் வந்து சேர்ந்தபோது, அதே பெண்மணி இளநீர்க் கடை வாசலில் வழுக்கையைச் சுரண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே முத்துமீனா வீட்டில் அறிவித்தாள். "நான் ஒரு ரோடு பைக் வாங்கப்போறேன்."

முத்துக்குமரன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வண்டி என்றால் அவனுக்குத் தனி மரியாதை. "பைக்கா? லைசென்ஸ் எடுக்கணுமே மீனா" என்று எழுந்து உட்கார்ந்தான்.

"சைக்கிளுங்க. வேகமாப் போறது. வேலைக்கும் போகலாம், ஞாயித்துக்கிழமை சும்மாவும் சுத்தலாம்."

"சும்மா சுத்தவா?" அவனுக்கு அதுதான் விளங்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் திவ்யாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அம்மாவைச் சுவரோடு சேர்த்து நிற்கவைத்து, கால்களுக்கு நடுவே ரெக்கார்டு நோட்டைக் கொடுத்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை டேப்பை இழுத்தாள். எழுபது சென்டிமீட்டர். முத்துமீனா அதை ஒரு சீட்டில் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியுமாக ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பக்கத்துத் தெருவில் இருந்த சைக்கிள் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இன்னாசிமுத்து அப்போதுதான் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து கடையைத் திறந்திருந்தார். முத்துமீனாவைப் பார்த்ததும், முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இது இல்லண்ணே. கைப்பிடி வளைஞ்சது."

"அது குனிஞ்சு ஓட்டணும் தங்கச்சி."

"பாத்தேன். அதான் வேணும்."

இன்னாசிமுத்து அவளை ஒருமுறை பார்த்தார், முத்துக்குமரனை ஒருமுறை பார்த்தார். முத்துக்குமரனோ ஏற்கெனவே மேலே தொங்கிய ஒரு சிவப்பு சைக்கிளில் மனதைப் பறிகொடுத்திருந்தான். "மீனா, இதப் பாரு. ஒத்த விரல்ல தூக்கலாம் போல!"

அழகான சைக்கிள்தான். டயர் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவே. ஆனால் முத்துமீனா காலைப் போட்டு நின்றபோது நடுக்கம்பி அவளை நுனிக்காலில் நிற்கவைத்தது. கைப்பிடியைப் பிடிக்க முன்னால் சாய்ந்தால், திருவிழாக் கூட்டத்தில் அடுத்தவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

"சீட்ட இறக்கிக்கலாம் தங்கச்சி. ஓட்ட ஓட்டப் பழகிரும்."

"சீட்டு இறங்கும். நடுக்கம்பி இறங்குமாண்ணே?" அவள் பையிலிருந்து அளவு எழுதிய துண்டுச்சீட்டை எடுத்து நீட்டினாள். "என் காலு எழுபது. இதுக்குத் தக்கன இருந்தாச் சொல்லுங்க."

கால் அளவை எழுதிக்கொண்டு வந்த வாடிக்கையாளரை இன்னாசிமுத்து அதற்குமுன் பார்த்ததில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போனார். மூட்டைகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது சாம்பல் நீலத்தில் சின்னதாக ஒரு சைக்கிள் கையில் இருந்தது. இரும்புச் சட்டம். டயர் கொஞ்சம் அகலம். பின்னால் கேரியர் மாட்டத் துளைகள் இருந்தன.

"ஒரு புள்ள ஆர்டர் குடுத்துச்சு. சென்னைல வேலை கிடைச்சுப் போயிருச்சு. வெயிட்டு கொஞ்சம் கூடத்தான். ரேசுக்கெல்லாம் ஆகாது."

"நான் எந்த ரேசுக்குப் போறேன்? டிபன் பாக்ஸ் வைக்கணும், மழைக்கு மட்கார்டு மாட்டணும்."

கால் போட்டாள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்தன. கைகள் நீண்டு, முழங்கை லேசாக மடங்கி நின்றது. அவள் முகம் மாறியதை முத்துக்குமரன் பார்த்துவிட்டான். சிவப்பு சைக்கிளைப் பற்றி அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

"ஓட்டிப் பாத்துட்டு வாரேன்ணே. காளவாசல் வரைக்கும்."

இன்னாசிமுத்து இழுத்தார். "புது வண்டி... தெருமுனை வரைக்கும்னா..."

"இவர இங்கயே விட்டுட்டுப் போறேன். இம்புட்டுப் பெரிய ஆள அடமானம் வச்சாப் போதாதா?"

துப்பட்டாவை இறுக்கிக் கட்டி, கடைக்காரரின் ஹெல்மெட் ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கைப்பையையும் அதிலிருந்த போனையும் கணவன் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

காளவாசல் வந்தது. சிக்னல் பச்சை. நிறுத்தித் திரும்ப மனம் வரவில்லை. கியர் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். தேனி ரோட்டில் விராட்டிபத்து தாண்டியதும் நெரிசல் குறைந்தது. வேகத்தடையில் ஏற்றினாள், இடுப்பு தாங்கியது. ரோடு தோண்டிப்போட்டிருந்த இடத்தில் ஜல்லி மேல் விட்டாள்; சைக்கிள் உதறியதே தவிர வழுக்கவில்லை. பிரேக்கை மூன்றுமுறை பிடித்துப் பார்த்தாள். பிறகு சோதிக்க எதுவும் மிச்சமில்லை, ஆனாலும் மிதித்துக்கொண்டிருந்தாள். நாகமலையின் நீளமான முதுகு பக்கத்தில் கூடவே வந்தது. எதிர்க்காற்று காதில் இரைந்தது. பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த கனத்த சைக்கிளை மிதித்தவள், அதற்குப் பிறகு சொந்தக் காலின் வேகத்தில் எங்கும் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சத்தமாகச் சிரித்தாள். பக்கத்தில் போன ஸ்கூட்டர்காரர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாளோ என்று சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

கடையில் முத்துக்குமரன் மூன்றாவது டீயில் இருந்தான். அரைமணி நேரம் ஆனதும் அவளுக்குப் போன் போட்டான்; மடியிலேயே மணி அடித்தது. முக்கால் மணி நேரத்தில் இன்னாசிமுத்து வாசலில் வந்து நின்றார். ஒரு மணி நேரத்தில் இருவரும் வாசலில் நின்றார்கள்.

"தங்கச்சிக்கு மதுரைல ரோடெல்லாம் பழக்கந்தான மாப்ள?"

"பஸ்ல பழக்கம்ணே."

ஒன்றேகால் மணி நேரம் கழித்து, முகம் வியர்வையில் பளபளக்க முத்துமீனா வந்து இறங்கினாள்.

"இது டெஸ்ட் ரைடா, டூரா தங்கச்சி?"

"நாகமலைப் புதுக்கோட்டை வரைக்கும் போயிட்டேண்ணே. இந்த சீட்டு மட்டும் குத்துது. அத மாத்திக் குடுங்க. வண்டி இதுதான்."

சீட்டு மாற்றி, கேரியரும் விளக்கும் மாட்டி, சாயங்காலம் முத்துக்குமரன் ஊருக்குப் போய் எடுத்து வந்த வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முதல் வாரம் கல்லூரிக்குப் போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆனது, தொடை கெஞ்சியது. மூன்றாம் வாரம் முப்பத்தைந்து. ஆய்வகத்தின் பின்னறையில் மாற்றுடை ஒன்று எப்போதும் தொங்கியது. துறைத்தலைவர் ஒருநாள் சைக்கிளைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "என் உயரத்துக்குக் கிடைக்குமா?" என்று மெல்லக் கேட்டார். அவருக்கும் கால் அளந்து சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு விடிந்ததும், பேரையூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குத் தனியாகக் கிளம்பினாள். வெள்ளாமை இல்லாத கரிசல் காட்டுக்கு நடுவே ரோடு நேராகப் போனது. பாதி வழியில் பின்சக்கரம் புஸ்ஸென்று இறங்கியது. கருவேல முள். ஓரமாக உட்கார்ந்து டியூபைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, ஆடு பற்றிக்கொண்டு வந்த தங்கப்பொண்ணு என்ற பெண் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"ஆம்பள யாரும் வரலையா கூட?"

"எதுக்கு? முள்ளு எடுக்கவா?"

தங்கப்பொண்ணு வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு முள்ளை வாங்கிப் பார்த்து, "இது எங்காட்டு முள்ளுதான்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். முத்துமீனா டியூபுக்கு ஒட்டுப் போட்டு, கைப்பம்பால் காற்றடித்து முடிக்கும் வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டும் நின்றாள்.

பேரையூரில் அம்மா பாண்டியம்மாள் சோறு போட்டபடியே மருமகனுக்குப் போன் போட்டு, வேனை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். முத்துமீனா போனை வாங்கினாள்.

"நீங்க வரவேணாங்க. வெயில் தாழட்டும், நானே வாரேன்."

"ரோட்டுல பாத்து வா மீனா" என்றான் அவன்.

நாலரை மணிக்கு, குப்பி நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். மேற்கிலிருந்து காற்று முதுகில் தள்ளியது. திருமங்கலம் வரை கால் ஊன்றவே இல்லை.