சந்தனம் வைத்த மீன்தொட்டி

இன்று ஆயுத பூசைக்கு ஆபீஸில் என் லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்தார்கள். அந்த ஈர வாசனை வந்தால் இப்போதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறேன்.

திருச்செங்கோட்டு வீட்டில், போர்வெல் லாரி போனால் அதிரும் ஜன்னலோரம், அப்பா வாங்கிவந்த பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் ஒரு மீன் விளையாட்டு. தொட்டி கட்டி, செடி நட்டு, ஜோடி சேர்த்துக் குஞ்சு பொரிக்கவைக்கலாம். கம்ப்யூட்டரை அணைத்தாலும் உள்ளே மீன்களுக்குப் பசிக்கும், இரை போடாவிட்டால் செத்து மிதக்கும். போர்வெல் போடும் ரிக் லாரியோடு வடக்கே கிளம்பும்போதெல்லாம் அப்பா என்னிடம், "மீனைப் பாத்துக்க சாமி" என்பார்.

அப்பா வடக்கே போயிருந்த ஒரு வருஷம், ஆயுத பூசைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்த அம்மா, "நாளைக்கு மறுபூசை போடற வரைக்கும் தொடக்கூடாது சாமி" என்றார். பசியில் வாயைத் திறந்து மூடும் மீன்களே கண்ணில் நின்றதால், அம்மா குளிக்கப்போன நேரம் பொட்டு அழியாமல் பட்டனை அமுக்கி இரை போட்டுவிட்டேன். அன்றிலிருந்து அப்பாவின் போன் வரவில்லை. நான் தொட்டதால்தான் என்று நினைத்தேன். அப்பா குரல் கேட்கும்வரை இரை போடுவதில்லை என்று வேண்டிக்கொண்டேன். தினமும் திறந்து பார்ப்பேன். மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன.

கடைசி மீனும் மிதந்த அன்று போன் வந்தது. வேலை நடந்த காட்டில் டவர் இல்லையாம். அப்பா கேட்டார்: "மீனெல்லாம் நல்லா இருக்குதா சாமி?"

பின்னால் கம்ப்யூட்டரில் தொட்டியின் குமிழிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இருக்குதுங்கப்பா" என்றேன்.