அக்கா வேண்டுமென்றே விட்ட ரயில்

போன வாரம் இந்த இடத்தில் என்னைக் காணோமே என்று சிலர் போன் செய்து விசாரித்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஊரில் இல்லை, அவ்வளவுதான். கட்டுரை எழுத வேண்டிய திங்கட்கிழமை நான் மாஹேயில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமையே திரும்பியிருக்க வேண்டியவள்...

காரணம் — என் அக்கா செல்வராணி.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மாஹே எங்கள் புதுச்சேரியைச் சேர்ந்த ஊர்தான். அதே சட்டசபை, அதே சிவப்புத் தொப்பி போலீஸ், வண்டிகளில் அதே ‘பிஒய்’ நம்பர் பிளேட். ஆனால் இருப்பது கேரளாவுக்கு நடுவே, அரபிக்கடல் ஓரத்தில். சேலம் வரை பஸ், அப்புறம் ராத்திரி முழுக்க ரயில். நம்ம ஊர்தான்... போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும்.

அக்கா கோரிமேட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து சமீபத்தில் ரிட்டையர் ஆனவள். பாதி சர்வீஸ் நைட் டூட்டி. காலையில் டூட்டி முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகமாட்டாள். பஸ் ஏறி பீச் ரோடு வந்து, ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு சூரியன் மேலே வருவதைப் பார்த்துவிட்டுத்தான் உப்பளத்து வீட்டுக்குப் போவாள். எங்கள் ஊர்க் கடலில் சூரியன் எழும், விழாது. அது விழுவது மேற்கே, கோரிமேட்டுப் பக்கம். அந்த நேரத்தில் அக்காவும் அங்கேதான் இருப்பாள் — வார்டுக்குள்ளே, டிரிப்ஸ் பாட்டிலை மாட்டிக்கொண்டு.

அதனால் அவளுக்கு ஒரே ஒரு ஆசை. சூரியன் கடலுக்குள் இறங்குவதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும்.

“டிவில காட்டுறானே” என்றேன்.

“டிவில பிரியாணியும்தான் காட்டுறான். வயிறு ரொம்பிடுதா?”

சரி, போகலாம் என்றேன். ஆனால் எப்போது போவது? ரிட்டையர் ஆன மறுவாரமே அக்காவுக்கு இன்னொரு வேலை வந்துவிட்டது. மாமா இறந்ததிலிருந்து அவள் மகள் நிர்மலாவோடுதான் இருக்கிறாள். நிர்மலாவும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு வயதுப் பேத்தி இருக்கிறாள். திங்கள் முதல் சனி மத்தியானம் வரை பேத்தி டூட்டி. இதில் கேஷுவல் லீவ் கிடையாது.

ஆக, சனிக்கிழமை மத்தியானம் கிளம்புவது, ஞாயிறு முழுக்க மாஹே, சாயங்காலம் சூரியனைப் பார்த்த கையோடு ரயில், திங்கள் காலை நிர்மலா வேலைக்குக் கிளம்புவதற்குள் உப்பளம். இதுதான் பிளான். துணைக்கு நான்.

என் வீட்டுக்காரர் கேட்டார்: “ஒரு சூரியனுக்காகவா இவ்ளோ தூரம்? அதுவும் ஒரே நாள்ல?” பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ‘சொல்தா’ மாமா என்போம். அவர் இன்னும் ஒரு படி மேலே. “பிரான்சுல, மார்சேய்ல தினம் பாத்தேன். விழும். அப்புறம் இருட்டாயிடும். அவ்ளோதான்.”

எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். ஆனால் அக்காவிடம் யார் சொல்வது?

ஞாயிறு காலை மாஹேவுக்குப் பக்கத்து ஸ்டேஷனான தலசேரியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரர் பெயர் பிரகாசன். அக்கா வாயைத் திறந்தாள் — மளமளவென்று மலையாளம்! நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு மலையாளம் வராமல் இருக்குமா? கூட வேலை செய்த பாதிப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். ஊர் எல்லை வருவதற்குள் பிரகாசன் தன் அம்மாவின் சர்க்கரை அளவைச் சொல்லி ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தார். நாள் முழுக்க வண்டி எங்களோடுதான் என்றும் முடிவாகிவிட்டது.

ஒரு நாள் பயணம் என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினோம் — ஓட்டமாக. கல்லும்மக்காய் என்கிற கடல் சிப்பி வறுவலோடு சோறு சாப்பிட்டோம் — ஓட்டமாக. படகுகளைப் பார்த்தோம், போட்டோ எடுத்தோம், எடுத்த போட்டோ சரியாக வந்ததா என்று பார்க்கக்கூட நிற்கவில்லை. அக்கா ரவுண்ட்ஸ் போகிற வேகத்தில் முன்னால் நடந்தாள். என் கண் கடலைப் பார்த்ததைவிடக் கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

சாயங்காலம், ஆறு கடலில் கலக்கிற இடத்தில் ஒரு நடைபாதை. பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். பகலெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி இருந்த வானம்... சூரியன் இறங்க ஆரம்பித்ததும் கடலுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு மேகம், மதில் கட்டின மாதிரி எழுந்து நின்றது. “விலகிடும்” என்றாள் அக்கா. விலகவில்லை. உண்டியலில் போட்ட காசு மாதிரி சூரியன் அதற்குள் போய்விட்டது. வெளியே வரவே இல்லை.

கூட்டம் எழுந்து பாப்கார்ன் வண்டிப் பக்கம் நகர்ந்தது. அக்கா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

பிரகாசன் ஓடி வந்தார். “சேச்சி, வேகம்! ட்ரெயின் கிட்டில்லா!”

ரயில் கிடைக்காது என்கிறார். “எழுந்திரு அக்கா” என்றேன்.

“நான் வரல.”

“என்னது?”

“நாளைக்குப் பாத்துட்டு வரேன். நீ போறதுன்னா போ.”

“நாளைக்கும் மேகம் வந்தா?”

“வரட்டும். அது வேலைய அது பாக்குது.”

நிர்மலாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். மகள் சொன்னால் கேட்பாள் என்று நினைத்தேன். ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது, அப்படி ஒரு கத்தல்.

“விளையாடுறியாம்மா? நாளைக்கு எனக்கு ஆடிட்டிங். பாப்பாவ யார் பாக்குறது?”

“அவ அப்பன் பாக்கட்டும்.”

“அவருக்கு என்னம்மா தெரியும்? டயப்பர்கூட மாட்டத் தெரியாது!”

“ஊர் புள்ளைங்களுக்கெல்லாம் நான் இத்தன வருஷம் மாத்திவுட்டேன். பெத்த அப்பன் ஒரு நாள் மாத்துனா கை தேஞ்சிடாது.”

போனை வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கட்டுரை எழுத வேண்டும், திங்கட்கிழமை வேலைகள் கிடக்கின்றன, இவளுக்கு என்ன திடீர்ப் பிடிவாதம்? “நீ உக்காந்து பாரு. நான் கிளம்புறேன்” என்று பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

மாதா கோயில் வரை போயிருப்பேன். அக்கா உட்கார்ந்திருந்த விதம் கண்ணை விட்டுப் போகவில்லை. இத்தனை வயதில், எனக்குத் தெரிந்து, அவள் ‘எனக்கு வேணும்’ என்று கேட்டு நின்ற முதல் விஷயம் இது. பள்ளிக்கூட நாளில் புதுப் பாவாடைகூட எனக்குத்தான் எடுக்கச் சொல்வாள். கல்யாணத்துக்கு அப்புறம் மாமா, அப்புறம் நிர்மலா, நடுவிலே வார்டு நிறைய நோயாளிகள். இப்போது கேட்பது ஒரு சூரியன். அதுவும் காசு கொடுத்து வாங்குகிற பொருள் இல்லை.

“வண்டியத் திருப்புங்க” என்றேன்.

பிரகாசன் ஏன் என்று கேட்கவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் வண்டி திரும்பிவிட்டிருந்தது.

அக்கா என்னைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். “வந்துட்டியா?” என்றாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது. கடல் காற்று என்று நானே வைத்துக்கொண்டேன்.

லாட்ஜில் ரூம் போட்டோம். வீராப்பாகப் பேசியவள் ராத்திரி சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தாள். “பாப்பாவுக்குச் சளி வேற... அவருக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியுமான்னு கேளேன்.” நான் போனைப் பிடுங்கி என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

காலையில் அந்தப் போன் அடிக்க ஆரம்பித்தது. மருமகன்தான். லீவு போட்டிருக்கிறார். “அத்தை, சாதம் எவ்ளோ குழையணும்?” கொஞ்ச நேரம் கழித்து, “அத்தை, முன்னாடி பக்கம் எது, பின்னாடி பக்கம் எது?” பேத்தியைப் பற்றி இல்லை, டயப்பரைப் பற்றி. அப்புறம் ஒரு வீடியோ. மூஞ்சியெல்லாம் பருப்புச் சோறு, குழந்தைக்கும் அப்பாவுக்கும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் போனே வரவில்லை.

“ஏன்டி போனே வரல?” என்று அக்கா கவலைப்பட்டாள். வந்தாலும் கவலை, வராவிட்டாலும் கவலை!

அந்தத் திங்கட்கிழமை நாங்கள் ஒன்றுமே பார்க்கவில்லை. அக்கா மத்தியானம் படுத்துத் தூங்கினாள். ஆற்றோரம் உட்கார்ந்து கதை பேசினோம். பிரகாசனின் அம்மாவை அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்து, கால் புண்ணுக்கு அக்கா கட்டு மாற்றிவிட்டாள். சுடச்சுடப் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, கிடைத்தது. முதல் நாள் ஓடி ஓடிப் பார்த்ததில் எனக்கு ஞாபகம் இருப்பது என் கடிகாரம் மட்டும்தான். மறுநாள் உட்கார்ந்த இடத்தில் கிடைத்ததெல்லாம் அப்படியே இருக்கிறது — அந்தப் பழம்பொரியின் ருசி உட்பட.

சாயங்காலம் அதே பெஞ்ச். மேகம் இருந்தது, ஆனால் உதிரி உதிரியாக. சூரியன் சிவந்து, பெருத்து, கடலைத் தொட்டதும் அடிப்பக்கம் சப்பையாகி... அப்புறம் சரசரவென்று இறங்கியது. அவ்வளவு வேகத்தை நானும் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் ஒரு நகக்கீற்று மட்டும் நின்றது. அதுவும் போயிற்று.

அக்கா அது இறங்கின இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“கஷ்டப்படாம போயிடுச்சுடி.”

எத்தனை கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று, எத்தனை குடும்பங்களிடம் அவள் இந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாள்! நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த நிமிஷமே அவள் சேலையை உதறி எழுந்துவிட்டாள். “சரி வா, கொசு கடிக்குது.”

ரிசர்வேஷன் கிடைக்கவில்லை. பொதுப்பெட்டியில் ஆளுக்கு அரை சீட், பஸ்ஸில் கடைசி வரிசை. செவ்வாய்க்கிழமை உப்பளம் வந்து சேர்ந்தபோது எங்களைப் பார்த்து நாங்களே பயந்தோம். வாசலில் நிர்மலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். “அடுத்த தடவ முன்னாடியே சொல்லிட்டுப் போம்மா” என்றாள். அடுத்த தடவை என்று ஒன்று உண்டு என்பதை அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள்!

அக்கா பேத்தியைத் தூக்கக் கையை நீட்டினாள். அது வரவில்லை. அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அக்காவுக்கு ஒரு நொடி முகம் வாடியது. மருமகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே... ஏதோ கப் ஜெயித்தவர் மாதிரி!

இனி வாரத்தில் ஒரு நாள் அவர்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறாராம். யாரும் சொல்லவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டது. அன்றைக்கு அக்காவுக்கு லீவு.

அவ்வளவு தூரத்துக் கடற்கரைக்கு, அரக்கப் பரக்க, ஒரே நாளில் போய் வரலாமா? என்னைக் கேட்டால், ஒரே நாள் என்று சொல்லித்தான் கிளம்ப வேண்டும். நான்கு நாள் என்று சொன்னால் வீட்டில் விடமாட்டார்கள். முக்கியமாக, நம் மனசே விடாது. ஆனால் போன இடத்தில் மனசு உட்கார்ந்துவிட்டால், அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடி வராதீர்கள். உலகம் ஒரு நாள் நம்மை விட்டுவிட்டு நடந்துகொள்ளும். கொஞ்சம் பருப்பு சிந்தும், அவ்வளவுதான்.

நேற்று அக்கா ஆந்திரா மேப்பை விரித்து வைத்துக்கொண்டு, எங்கள் புதுச்சேரியின் இன்னொரு துண்டான ஏனாமுக்கு வழி தேடிக்கொண்டிருந்தாள்... மருமகன் ஒன்றும் கேட்கவில்லை. பேசாமல் போய் லீவு லெட்டர் எழுத உட்கார்ந்துவிட்டார்!