அஸீமா அக்கா அழித்த ஆறு படங்கள்

“உள்ளுக்குப் படங்கள் இரிக்கா?” என்றுதான் அஸீமா அக்கா முதலில் கேட்டார். என் லெப்டொப் திறக்கப் பதினொரு நிமிடம் எடுக்கிறது என்று சொல்வதற்காக நான் நாவற்குடாவிலிருந்து இரண்டு பஸ் ஏறி ஏறாவூருக்கு வந்திருந்தேன். அதை அவர் கேட்கவே இல்லை.

“இருக்கு” என்றேன்.

“வீட்டுப் படமா?”

“என்ர அக்காட கலியாணப் படம். மற்றதெல்லாம் கந்தோர்க் கடிதம், கணக்கு.”

“சரி. ஹார்ட் டிஸ்க்கக் கழட்டிட்டு எஸ்.எஸ்.டி. போடுவம். மறுகா பாருங்க, நீங்க கதிரையில சரியா இருக்கிறதுக்குள்ள திறந்திரும்.”

புதியது ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெறும் கூடு போல இருந்தது.

“இவ்வளவு இலேசா இருக்கே அக்கா. உள்ளுக்கு ஏதும் இருக்கா?”

“எல்லாரும் இதத்தான் கேக்குற. பாரமான மாப்பிள்ளைதான் நல்ல மாப்பிள்ளையா? இதுக்குள்ள சுத்துறதுக்கு ஒண்டும் இல்ல புள்ள. அதாலதான் இலேசு.”

“பழைய டிஸ்க்க என்ன செய்வீங்க?”

“உங்கட கையிலதான் தருவன். ஆனா வெறுமையாக்கித்தான் தருவன். வேலை முடிஞ்ச அண்டைக்கே அழிச்சிருவன். அடுத்தவங்கட படம் என்ர வீட்டில ஒரு இரவும் கிடக்கக் கூடா. நம்பித் தந்த சாமான். அமானிதம்.”

“அழிச்சா மறுகா எடுக்கேலாதா?”

“கடைகள்ல அழிச்சா எடுக்கலாம். நான் அழிச்சா ஏலா.”

அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருந்தது. ஏறாவூரில் கணினி திருத்தும் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் முக்காடு இல்லாமல் வீட்டுக்குள் எடுத்த படங்கள் நிறைந்த லெப்டொப்பை ஆண்கள் இருக்கும் கடையில் கொடுக்கப் பெண்கள் தயங்குவார்கள். அஸீமா அக்கா பெண் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர். படிக்க வந்த பிள்ளைகளின் உம்மாமார் ஒவ்வொருவராகப் பழுதானவற்றைக் கொண்டுவரத் தொடங்க, வகுப்பு நின்று திருத்தும் வேலை மிஞ்சியது. கணவர் முனாஸ் கட்டாரிலிருந்து வாங்கி அனுப்பிய சிறிய திருப்புளிகள் ஒரு சீலைப் பையில் இருந்தன. கழற்றிய ஆணிகளை மாத்திரைப் பெட்டியில் போடுவார். ஏழு நாளுக்கு ஏழு அறை உள்ள பெட்டி. மூடியின் ஆணி திங்கள், டிஸ்க்கின் ஆணி செவ்வாய், பற்றரியின் ஆணி புதன். எதையும் தொடுமுன் ஜன்னலின் இரும்புக் கம்பியை ஒரு தரம் தொடுவார், உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கிவிடும் என்று. படங்கள் பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்குப் போய்க்கொண்டிருக்கும்போது திரையின் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடிவிடுவார்.

அடுத்த சனிக்கிழமை லெப்டொப்பை எடுக்கப் போனேன். வேலை அன்று காலைதான் முடிந்திருந்தது. அவர் சொன்னது சரி, நான் கதிரையைச் சரியாக இழுத்து இருப்பதற்குள் திறந்துவிட்டது. “இனிப் பழையத வெறுமையாக்கிறதுதான் பாக்கி, கொஞ்சம் இருங்க” என்று என் பழைய டிஸ்க்கை அவர் கையில் எடுத்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது.

வந்தது ஹஸீனா என்ற பெண்ணும் அவருடைய கணவர் ஹமீட்டும். ஹஸீனாவின் லெப்டொப்புக்கு முந்திய மாதம் அஸீமா அக்காதான் எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்திருந்தார். ஹமீட் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஹஸீனா உள்ளே வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். ஹமீட் விறாந்தையில் நின்றார். நடுவில் பச்சைத் திரைச்சீலை.

“தங்கச்சி, இதில ஹமீட் எண்டு என்ர யூசர் எக்கவுண்ட் ஒண்டு இருந்த. அதக் காணல்ல” என்றார் வெளியிலிருந்து.

அஸீமா அக்கா ஹஸீனாவைப் பார்த்தார். பிறகு திரைச்சீலைப் பக்கம் திரும்பி, அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று விளித்துச் சொன்னார்.

“ஓம் காக்கா, இருந்த. ஹஸீனாட யூசர்ல இருந்த எல்லாத்தையும் மாத்தினன். உங்கடதத் திறக்கல்ல.”

“ஏன் திறக்கல்ல?”

“வேற ஆம்பிளைர யூசர். நான் எப்பிடித் திறக்கிற?”

“அதில எங்கட உம்மாட படம் இருந்த.”

ஹஸீனா மெல்லிய குரலில் என்னிடம் சொன்னார். “மாமி படம் எடுக்க விடமாட்டாங்க. கமராவக் கண்டா முந்தானையால முகத்த மூடுவாங்க. எல்லாமா ஆறு படந்தான். வெள்ளத்தில அல்பமும் ஊறிப் போச்சு. முந்தியே ஸ்கேன் பண்ணி வச்சதால இதில மட்டும் மிஞ்சின. மாமி மௌத்தாகி நாலு வருசம், இனி எடுக்க ஆளும் இல்ல.”

திரைச்சீலைக்குக் கீழாக ஒரு கை நீண்டது. அதில் அவர்களுடைய பழைய டிஸ்க் இருந்தது.

“இதுக்குள்ள இருந்து எடுத்துத் தாங்க தங்கச்சி. டவுனில ஒராள் சொன்ன, அழிச்சாலும் எடுக்கலாமாம்.”

அஸீமா அக்கா அதை வாங்கிக்கொண்டார். சில கடைகளில் அழிப்பதென்றால் கோப்பின் பெயரை மட்டும் எடுத்துவிடுவார்கள், பொருள் உள்ளேயே கிடக்கும். இவர் அப்படிச் செய்வதில்லை. டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பூச்சியத்தை எழுதி நிரப்பிவிடுவார். போன வாரம் எனக்குப் பெருமையாகச் சொன்னது அதைத்தான்.

எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்து, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனார். ஹஸீனா நிமிர்ந்து பார்த்தார்.

“காக்கா, டவுனுக்குக் கொண்டு போனாலும் வராது. டிஸ்க் பழுதாகல்ல. நான்தான் அழிச்ச. பாக்காம அழிச்ச” என்று அஸீமா அக்கா சொல்வது கேட்டது.

ஹமீட் கத்துவார் என்று நினைத்தேன். ஹஸீனாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், என் கையைப் பிடித்திருந்தார்.

“நீங்க பாக்க மாட்டீங்க எண்டுதான் நம்பித் தந்த” என்றார் ஹமீட். “எங்கட உம்மாவ ஒருக்காப் பாத்திருக்கலாம் தங்கச்சி. பொம்பிளைதானே.”

அவ்வளவுதான். ஹஸீனாவைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். டிஸ்க்கை எடுத்துப் போகவில்லை.

அஸீமா அக்கா உள்ளே வந்து என் பழைய டிஸ்க்கைக் காகிதத்தில் சுற்றி, அழிக்காமலே என்னிடம் தந்தார். “ஒரு மாசம் வச்சிருங்க. எல்லாம் இரிக்கி எண்டு பாத்துட்டு மறுகா கொண்டு வாங்க. இல்லாட்டி உங்களுக்கிட்டயே கிடக்கட்டும்.”

இப்போது அவருடைய மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. யார் வந்தாலும் முதலில் ஒரு கேள்வி: “இதில எது இல்லாமப் போனா அழுவீங்க?” சிலர் சிரிப்பார்கள். சிலர் யோசித்துச் சொல்வார்கள். சொன்னதை எழுதி, வேலை முடிந்ததும் அவர்களைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவார். வீட்டில் எத்தனை பேர் அதைப் பாவிக்கிறார்கள் என்றும் கேட்பார். ஆண்களின் யூசர் இருந்தால், அவர்களே வந்து திறக்கும்வரை பழைய டிஸ்க் உரியவரின் வீட்டில்தான் இருக்கும், அழியாமல். துவாய் மட்டும் மாறவில்லை. படம் அழிந்த கதை பரவி, அந்த வருடம் முழுக்க ஏறாவூர்ப் பெண்கள் அவரிடம் வருவது குறைந்திருந்தது என்று பிறகு அறிந்தேன். அவர் என்னிடம் அதைச் சொன்னதில்லை.

ஹமீட்டின் உம்மாவுடைய படம் ஒன்று, ஒன்றே ஒன்று, ஏழு மாதம் கழித்துத் தபாலில் வந்தது. பிரதியின் பிரதி, கறுப்பு வெள்ளை. முந்தானை இல்லாத முகம். ஹஸீனா அதைக் கொண்டுவந்து காட்டியபோது நானும் அங்கே இருந்தேன். அஸீமா அக்கா அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நேரமெடுத்துப் பார்த்தார்.

அந்தப் படம் வரக் காரணம், அவர் என்னிடம் கேட்ட ஓர் உதவி. ஹமீட் போன அந்தச் சனிக்கிழமை நான் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது கூடவே வாசல்வரை வந்தார். சிறு வயதில் பொலன்னறுவையில் சிங்களத்தில் படித்தேன் என்று போன வாரம் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தேன். அதை நினைவில் வைத்திருந்தார்.

“பிரஷாந்தி, ஹமீட் காக்காட உம்மா அடையாள அட்டைக்குக் குடுத்த படம் கொழும்பில எங்கயாவது ஒரு பைலுக்குள்ள கிடக்கும். அவங்க படம் எடுக்க மறுக்க ஏலாத இடம் அதுதானே. சிங்களத்தில ஒரு கடிதம் எழுதித் தருவீங்களா? மகன் எண்டு ஹமீட் காக்காக்கிட்ட நானே ஒப்பம் வாங்குறன்.”

“எழுதித் தாறன் அக்கா. மற்றப் படங்கள் எப்பிடி இல்லாமப் போன எண்டு கேப்பாங்க. டிஸ்க் பழுதாகிட்டு எண்டு போடவா?”

“போட வேணாம்” என்றார். “திருத்தக் குடுத்த இடத்தில அழிச்சிட்டாங்க எண்டு எழுதுங்க. என்ர பேரையும் போடுங்க.”