துணை என்று எழுதிய கட்டம்

என் மனைவி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?" என்பதுதான். என்ன வேலை, வீசா எப்படி, குடிப்பீர்களோ என்றெல்லாம் கேட்பாள் என்று பதில்களைப் பாடமாக்கிக்கொண்டு போனவன் நான். டுசல்டோர்ஃப் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடை. இரண்டு மேசை தள்ளி அவளுடைய அம்மா, எங்களைப் பார்க்காதது போலப் பார்த்தபடி, ஒரே கோப்பியை முக்கால் மணி நேரமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றேன்.

"அதுதானே! கடற்கரை ஊர் ஆக்களிட்டை இதைக் கேக்கவே வேணும்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அன்று நான் பறக்கத் தெரியும் என்றும் சொல்லியிருப்பேன். உண்மை என்னவென்றால், எனக்கு நீந்தத் தெரியாது. முழங்காலுக்கு மேல் எந்தத் தண்ணீரிலும் நான் நின்றதில்லை. யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையில், கடலுக்கு முந்நூறு மீற்றரில் பிறந்தவன் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், யார் கேட்டாலும் தலையாட்டிவிடப் பழகியிருந்தேன். அந்தப் பழக்கத்தில் வந்த நாசமாய்ப் போன ஓம் அது.

அவள் இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் நீச்சல் பழகி, பிறகு முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகவும் பழகியவள். விறைக்கிற குளிரில் ஜெர்மன் ஏரிகளுக்குள் இறங்கி, ஒரு துருப்பிடித்த சைக்கிளையும் இரண்டு மீனையும் பார்த்துவிட்டு, பல் கிடுகிடுக்க மேலே வந்து "சூப்பர்!" என்பாள். அப்படிப்பட்டவள் தேனிலவுக்குச் சுவிஸ் மலைக்கா போவாள்? கரீபியன் கடல்தான் என்று கல்யாணத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தாள்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. நான் ட்ராம் ஓட்டுகிறவன். இரண்டு கிழமை லீவு சேர்ந்தாற்போல் மாசியில்தான் கிடைத்தது. "நல்லது, வடிவாத் திட்டம் போடலாம்" என்றாள். கார்த்திகையிலிருந்து எங்கள் சமையலறை மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. பொனேர் என்ற சின்னத் தீவின் வரைபடம் மேசை முழுக்க விரிந்து கிடந்தது. நான் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

அந்தத் தீவில் படகும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாமாம். ஒரு பிக்கப் வாகனத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கரையோரமாகப் போனால், தெருவோரத்தில் மஞ்சள் பூசிய கற்கள் இருக்கும். ஒவ்வொரு கல்லிலும் அந்த இடத்தின் பெயர். விரும்பிய கல்லடியில் வாகனத்தை நிறுத்திவிட்டு நடந்தே கடலுக்குள் இறங்கலாம். வாகனத்தைப் பூட்டக் கூடாது, உள்ளே ஒரு சாமானும் விடக் கூடாது. கள்ளர் வந்தால் கண்ணாடியை உடைக்காமல் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாள். எந்தக் கல், எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம், கரையில் மணலா கூர்க்கல்லா, எந்தச் சப்பாத்து என்று எல்லாவற்றுக்கும் ஒரு தாளில் கட்டம் போட்டாள். கடைசி வரிசைக் கட்டங்களின் தலைப்பு 'துணை'. கடலுக்குள் தனியே போகக் கூடாது, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளத் துணை வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். பதினொரு நாளுக்குப் பதினொரு கட்டம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பழகிய உருண்டை எழுத்தில், பதினொன்றிலும் 'இவர்' என்று எழுதியிருந்தாள்.

"முதல் நாள் சிலிண்டர் இல்லை, சும்மா ஸ்நோர்க்கல்தான்" என்றாள். "குழாயை வாயில வைச்சுக்கொண்டு மேலால மிதக்கிறது. கரையில இருந்து ஒரு அறுபது மீற்றர் போனா, பவளப்பாறை அப்பிடியே கீழ இறங்குது. நாங்கள் ரெண்டு பேரும் மட்டும். ஒரு குருவியும் இராது. நல்லாயிருக்கும் என்ன?"

"ஓம்" என்றேன்.

அடுத்த நாளே, நீந்தத் தெரியாத பெரியவர்களுக்கான வகுப்பொன்றில் பதிந்தேன். எங்கள் நகரத்தில் இல்லை. எங்கள் ஆட்கள் ஒருவர் கண்டால் போதும், நான் தலை துவட்டுமுன் செய்தி லண்டனுக்குப் போய்விடும். ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பக்கத்து ஊர்ச் சுடுநீர்க் குளத்தில் வியாழக்கிழமை காலை வகுப்பு. வீட்டில் காலை ஷிப்ட் என்று சொன்னேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் காவல். வகுப்பு முடிவில் சோதனை: குளத்துக்குள் குதித்து இருபத்தைந்து மீற்றர் நீந்த வேண்டும், தோளளவு தண்ணீரில் அடியில் கிடக்கும் வளையத்தை எடுக்க வேண்டும். தேறினால் கடற்குதிரைப் படம் போட்ட துணிச் சின்னம் தருவார்கள். இங்கே ஆறு வயதுப் பிள்ளைகள் காற்சட்டையில் தைத்துக்கொண்டு திரிகிற சின்னம் அது. எனக்கு முப்பத்தைந்து வயது.

மூன்றாவது வியாழன். நான் இளஞ்சிவப்பு நிற மிதவைக் குழாய் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி காலை உதைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கதவு திறந்தது. முழங்கால் வருத்தக்காரருக்கான தண்ணீர்ப் பயிற்சிக்குப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். நாலாவதாக, கணுக்கால் வரை மூடிய கறுப்பு நீச்சலுடுப்பும் கொண்டையை மூடிய ரப்பர்த் தொப்பியுமாக ஒருவர். என் மாமியார்!

அட கடவுளே! எனக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து கதைக்காத மனிசி அவர். நான் அவர்கள் வீட்டுக்குப் போனால் குசினி வாசலில் நின்று, "தம்பிக்குத் தேத்தண்ணி குடும்" என்று மகளுக்குச் சொல்லித்தான் எனக்குத் தேநீர் வரும். நானோ அரைக் காற்சட்டையோடு. எங்கே ஒளிப்பது? தண்ணீருக்குள் தாழ்ந்தேன். ஆறு கிழமையாகச் சொல்லியும் தலையை நனைக்க மாட்டேன் என்று நிற்கிற மாணவரெல்லாம் உண்டாம். நான் மூன்றாம் கிழமையே முழுசாக மூழ்கியதைக் கண்டு ஆசிரியை கைதட்டினார்.

வகுப்பு முடிந்து வந்தபோது, பஸ் தரிப்பில் மாமி நேர அட்டவணையைப் பார்த்தபடி அட்டவணைக்கே சொல்வதுபோலச் சொன்னார்: "தம்பி, முழங்காலுக்கு டொக்டர் எழுதித் தந்தவர். இந்தக் கோலத்திலை எங்கட ஆக்கள் கண்டிடுவினமெண்டுதான் இவ்வளவு தூரம் வாறனான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"நான் ஏன் மாமி சொல்லப்போறன்?"

எங்கள் ஆட்கள் காணக் கூடாது என்று ஊர் தாண்டி ஓடி, இரண்டு பேரும் ஒரே குளத்தில் விழுந்திருக்கிறோம். சிரிப்பு வந்தது. பஸ்ஸில் அவர் என் பின் இருக்கையில் இருந்தார். ஒரு தரிப்பு போனதும் மெல்லக் கேட்டார்.

"தம்பி, நீங்கள் நிண்ட பக்கம் நீந்தத் தெரியாத ஆக்களின்ரை பக்கமெல்லோ?"

"ஓம் மாமி."

"பிள்ளைக்குத் தெரியுமோ?"

"இல்லை."

பஸ் பாலத்தில் ஏறியபோது முன்னுக்குச் சாய்ந்தார். "எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை. உங்களை நம்பித்தான் கடலுக்கை இறங்கப்போகுது. வாற வியாழனுக்கிடையிலை நீங்களே சொல்லிப்போடுங்கோ. இல்லாட்டி நான் சொல்லவேண்டி வரும்." குரலை உயர்த்தவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவரில் கோபப்பட ஒன்றுமில்லை என்பதால் இன்னும் கோபம் வந்தது.

திங்கள் வரை இழுத்தேன். அன்று பின்னேரம் வேலையால் வந்தபோது அவள் வரைபடத்துக்கு முன்னால் என்னை இருத்தினாள். "இண்டைக்குக் கைப்பாசை. தண்ணிக்குள்ள கதைக்க ஏலாது. தலையாட்டினா எனக்கு விளங்காது. நீங்களோ எல்லாத்துக்கும் தலையாட்டுற ஆள்."

பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கிக் காட்டினாள். "இது, 'எல்லாம் சரியோ?' எண்ட கேள்வி. சரியெண்டா நீங்களும் இதையே காட்டவேணும். ஏதும் பிழையெண்டா கையை விரிச்சு இப்பிடி இப்பிடி ஆட்டிப்போட்டு, எதிலை பிழையோ அதைத் தொட்டுக் காட்டவேணும். காதெண்டாக் காது, முகக்கண்ணாடியெண்டா முகக்கண்ணாடி. பொய் சொல்லக் கூடாது. அதுதான் முக்கியம்."

மேசைக்கு மேலால் வளையத்தை நீட்டிப் புருவத்தை உயர்த்தினாள். நான் கையை விரித்து ஆட்டினேன்.

"கெட்டிக்காரன்! சரி, எதிலை பிழை?"

என் நெஞ்சைத் தொட்டேன்.

"நெஞ்சு நோகுதோ?"

"இல்லை. நான்தான் பிழை. எனக்கு நீந்தத் தெரியாது."

பகிடி என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "எப்பேலயிருந்து?" என்று கேட்டாள், பாவம்.

"பிறந்ததிலயிருந்து. சின்னனிலை எங்களுக்கும் கடலுக்கும் நடுவிலை முள்ளுக்கம்பி. அந்தப் பக்கம் ஆமிக்காம்ப். அலைச் சத்தம் மட்டும் கேக்கும். கம்பி எடுக்கேக்கை நான் ஃபிராங்க்பேர்ட்டிலை வந்து இறங்கீற்றன்."

"அதைச் சொல்லியிருக்கலாமே. நான் சிரிச்சிருப்பனோ?"

"உமக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுமெண்டு பயந்திட்டன். இப்ப வியாழன் காலையிலை ஆத்துக்கு அந்தப் பக்கக் குளத்திலை பழகுறன்."

எழுந்து நின்றாள். "விசரே உங்களுக்கு? அறுபது மீற்றர் வெளியிலை, ஒருத்தரும் இல்லாத கடலிலை நான் குனிஞ்சு மீன் பாத்துக்கொண்டிருப்பன். நிமிர்ந்தா நீங்கள் இருக்கமாட்டியள். பேந்து நான் என்ன செய்யிறது? உங்கட அம்மாவுக்கு ஆர் ஃபோன் எடுக்கிறது? சொல்லுங்கோ!" அழுதுகொண்டே அழிறப்பரை எடுத்துப் பதினொரு கட்டத்தையும் ஒவ்வொன்றாக அழித்தாள். அவசரப்படவில்லை. அந்த நிதானம்தான் என்னைக் கொன்றது.

செவ்வாயும் புதனும் பேச்சில்லை. பிட்டும் சம்பலும் மேசையில் இருந்தன, வரைபடம் இல்லை. கோப்பையை மேசையில் வைத்துச் சாப்பிட எவ்வளவோ இடம். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

வியாழன் காலை குளத்துக்குப் போனபோது கரையில் போட்டிருந்த வாங்கில் அவள் இருந்தாள், நீலச் சப்பாத்து உறையை மாட்டிக்கொண்டு. பேச வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்துக் கதவு திறந்தது.

"அம்மா?!"

மாமி ஒரு பருத்த ஜெர்மன் அம்மாளுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார். முடியவில்லை. என் மனைவி அவரையும் அவருடைய தொப்பியையும், என்னையும் என் இளஞ்சிவப்புக் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்தக் குடும்பத்திலை உண்மை கதைக்கிற ஆள் ஒருத்தருமே இல்லையோ?" என்றாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் வந்தாள். சிலிண்டர்ப் பயணங்களை எல்லாம் திட்டத்திலிருந்து வெட்டினாள். ஒரு சொல் குறை சொல்லவில்லை. வரைபடம் மேசைக்குத் திரும்பி வந்தது. துணை என்ற கட்டங்கள் மட்டும் வெறுமையாகவே கிடந்தன. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "துணையில்லாம நான் இறங்கமாட்டன். உங்களைக் கரையிலை விட்டிட்டு வேற ஆளோடை போகவும் மாட்டன்" என்றாள். அதாவது நான் தேறாவிட்டால், அத்தனை தூரம் பறந்து போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு கரையில் இருக்கப் போகிறாள். அவளுடைய கடலை நான் பறித்துவிடுவேனோ என்று தூக்கம் போனது.

தை மாதக் கடைசி வியாழன் சோதனை. குதித்தேன். நீந்தினேன். மறு கரையில் அவள் குந்தியிருந்தாள். பதினைந்து, பதினாறு மீற்றர் வந்திருப்பேன். இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. வாய்க்குள் தண்ணீர். அவள் என் முகத்தையே பார்த்து விரல்களை வளையமாக்கினாள்: எல்லாம் சரியோ?

இன்னும் ஒன்பது மீற்றர். ஆசிரியை கையில் தாளோடு நிற்கிறார். சின்னக் குளத்தில் மாமி பயிற்சியை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கை தானாகவே வளையத்துக்குப் போனது, சத்தியமாக. பதிலுக்கு அதைக் காட்டியிருந்தால் எப்படியாவது உதைத்து முடித்திருக்கலாம், முடிக்காமலும் போயிருக்கலாம். நான் கையை விரித்து ஆட்டினேன். காலைக் காட்டினேன்.

அவள் ஜீன்ஸோடு குதித்தாள். நாடியைத் தாங்கி என்னைக் கரைக்கு இழுத்து வந்தபோது அவளுடைய இதயம் என் முதுகில் இடித்தது. ஆசிரியை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தாளை மடித்தார். கடற்குதிரை இல்லை.

"மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன். "உமக்குக் கடல் இல்லாமப் பண்ணிப்போட்டன்."

அவள் ஈர ஜீன்ஸோடு வாங்குக்குப் போய், கைப்பையிலிருந்து அந்தத் திட்டத் தாளையும் பென்சிலையும் எடுத்தாள். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, முதல் நாளின் அறுபது மீற்றரை வெட்டிவிட்டு 'இடுப்பளவு' என்று போட்டாள். "இண்டைக்குத்தான் நீங்கள் தண்ணிக்குள்ள வைச்சு எனக்கு முதன்முதலா 'இல்லை' எண்டு சொன்னனீங்கள்" என்றாள். "இனி நான் நம்பி இறங்கலாம்."

பிறகு துணைக் கட்டங்களில், முன்பு அழித்த தழும்பின் மேலேயே, 'இவர்' என்று எழுதினாள். பதினொரு முறை.