பசை தின்ற காது

மெக்கானிக் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, விசிறி ஓடல." பசை அறைச் சுவரில் புகையை வெளியே தள்ளுகிற பெரிய விசிறி பழுதாகிக் கிடந்ததைத்தான் சொன்னான். அவள் காதில் விழுந்ததோ, "வேசி." முதல் எழுத்தைத் திரித்து, கடைசி எழுத்தைக் காது தின்றுவிட்டது.

மேசை மேல் கிடந்த, செருப்பை மாட்டி வடிவம் எடுக்கும் இரும்புக் கால் அச்சைத் தூக்கி அவன் மூஞ்சியில் இறக்கினாள். மூக்குத்தண்டு முறிந்த சத்தம் அறையில் எல்லோருக்கும் கேட்டது, அவளைத் தவிர.

செருப்பு ஆலையில் அவளுக்குப் பெயர் ஊசிமிளகா. ஆள் ஒரு சாண், வாய் ஒரு முழம். பதினாறு வருஷமாக அந்த அறையில்தான் செருப்பின் அடிப்பாகத்துக்குப் பசை தடவுகிறாள். கூட இன்னும் பதினெட்டுப் பெண்கள். திறந்த டப்பாக்களிலிருந்து எழும்பும் வாடையில் மத்தியானத்துக்குள் தலை கிறுகிறுக்கும். "ஓசியில போதை, விடுவானேன்" என்று அவளே சிரிப்பு மூட்டுவாள். ஆனால் கொஞ்ச காலமாக அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காதுக்குள் ஒரு கொசு ஓயாமல் ரீங்காரமிட்டது. நாலு பேர் சேர்ந்து பேசினால் யார் சொல் எதுவென்று பிரியாமல் இரைச்சலாக வந்தது. அவர்கள் சிரித்தால் தன்னைத்தான் என்று பொங்கினாள்.

வீட்டிலும் அதே கதை. கணவன் லாரி ஓட்டுகிறவன். ஒரு நாள் மூன்று தடவை கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை.

"திமிரா உனக்கு?" என்று பின்மண்டையில் ஓங்கி அறைந்தான்.

அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த கரண்டி அவள் கையில் இருந்தது. அவன் முன்கையில் அதன் தடம் இன்னும் இருக்கிறது.

அவன் தங்கையும் அதே ஆலையில்தான் வேலை செய்தாள். பசை தடவிய அடிப்பாகத்தை இறுக ஒட்டவைக்கும் அழுத்து எந்திரம் அந்த அறையின் மூலையில் நின்றது. ஒருத்தி செருப்பை வைப்பாள், இன்னொருத்தி பெடலை மிதிப்பாள். ஒரு நாள் நாத்தனார் வைத்தாள், ஊசிமிளகா மிதித்தாள். செருப்பு கோணலாக நகர, நாத்தனார் கையை உள்ளே விட்டுக் கத்தினாள்.

"நிறுத்துங்க அண்ணி! கை இருக்கு!"

குனிந்து அடுத்த ஜோடியை எடுத்துக்கொண்டிருந்த ஊசிமிளகாவுக்கு அது எந்திரத்தோடு கலந்த இரைச்சலாகத்தான் விழுந்தது; மிதித்தாள். எந்திரம் எழும்பியதும் மறுபடியும் மிதித்தாள். இரண்டாவது மிதியில்தான் கையில் ஏதோ சூடாகத் தெறித்தது. நிமிர்ந்தாள். நாத்தனாரின் வாய் அகலத் திறந்திருந்தது. இரண்டு விரல்கள் செருப்போடு செருப்பாக நசுங்கிக் கிடந்தன.

பெண்கள் சும்மா விடவில்லை. முடியைப் பிடித்துத் தரையில் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். "வேணும்னே செஞ்சா! வீட்டுப் பகைய இங்க தீர்த்துட்டா!" மேனேஜர் வாசலில் நின்று கைகட்டிப் பார்த்தார். காது கேட்கவில்லை என்று அவள் ரத்தம் துப்பிக்கொண்டே சொன்னபோது அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

"தகரம் அடிக்கிறவனுக்கே காது நல்லா கேக்குது. இங்க என்ன இடியா இடிக்குது? நடிக்காத."

காயத்துக்குக் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியிலேயே காதையும் பார்க்கச் சொன்னார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்த பெண் மருத்துவர் கேட்டார்: "என்ன வேலை?"

"செருப்புக்குப் பசை."

மருத்துவர் நாற்காலியை நகர்த்தி, அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "உங்களுக்குச் சத்தம் ஓரளவு கேக்குது. சொல்லுதான் உடைஞ்சு உடைஞ்சு வருது. பசையில இருக்கற கரைப்பான் மூச்சு வழியா ரத்தத்துல கலந்து, உள்காதையும் நரம்பையும் கெடுத்திருக்கு. எந்திரச் சத்தம் கொஞ்சமா இருந்தாக்கூட அதோட சேர்ந்து இன்னும் கெடுக்கும்."

"திரும்ப வருமா?"

"போனது வராது. அங்கேயே இருந்தா மிச்சமும் போகும்."

கூட வந்த கணவன் கதவோரம் நின்றிருந்தான். அறைந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் நுழைத்துக்கொண்டான்.

மேல்மாடி வார்டில் இருந்த நாத்தனார் முதலில் காறித் துப்பினாள். ஊசிமிளகா அதைத் துடைத்துக்கொண்டு, மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னாள். நாத்தனார் கட்டுப்போட்ட கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். மறு கையால் மெல்லத் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்கும் அந்தக் கொசு இருக்கு, அண்ணி."

மறுநாள் காலை ஊசிமிளகா ஆலைக்குப் போனாள். விசிறி அப்போதும் ஓடவில்லை. ஒரு கடப்பாரையால் பசை அறையின் ஜன்னல்களை ஒவ்வொன்றாக உடைத்தாள். பசை டப்பாக்களை உதைத்து வாசலுக்குத் தள்ளினாள். தடுக்க வந்த மேனேஜரின் தோளில் ஒரு போடு போட்டதில் எலும்பு நகர்ந்தது. காவலாளிகள் இரண்டு பேர் அவளைக் கவிழ்த்துப் போட்டுத் தடியால் அடித்தார்கள். முன்பல் தெறித்தது.

"உங்க காதும் போகுதுடி!" என்று தரையில் கிடந்தபடியே கத்தினாள். "காதுக்குள்ள கொசு கத்தலையா? பொய் சொல்லாதீங்கடி!"

ஒருத்தி பசைத் தூரிகையைக் கீழே போட்டாள். விரல் நசுங்கிய அன்று ஊசிமிளகாவின் முடியைப் பிடித்து இழுத்தவள்தான். காவலாளியின் கையைக் கடித்துத் தடியைப் பிடுங்கியவளும் அவளே. போலீஸ் வருவதற்குள் அந்த அறையில் உடையாத சாமான் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஊசிமிளகா நாற்பது நாள் உள்ளே இருந்தாள். இதற்கிடையில் தொழிலாளர் துறை ஆட்கள் வந்து மற்ற பதினெட்டுப் பேருக்கும் காதுச் சோதனை செய்தார்கள். பதினோரு பேருக்குப் பழுது. ஆலையில் புது விசிறி வந்தது, பசைக்கு மூடி வந்தது, முகமூடி வந்தது. அவளுக்கு வேலை போனது, வழக்கு நடக்கிறது.

கணவன் இப்போது பேசுவதற்கு முன் மேசையை இரண்டு முறை தட்டி, அவள் திரும்பிய பிறகே வாயைத் திறக்கிறான். நாத்தனார் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அந்தக் கையில் மிஞ்சிய மூன்று விரலால் தலை பின்ன வராததால் ஊசிமிளகாதான் தினமும் பின்னிவிடுகிறாள். சில நாள் நாத்தனார் குனிந்த தலையோடு ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாள். திட்டுகிறாள் என்பது தாடை அசைவதிலேயே தெரியும். இவள் நிறுத்தச் சொல்வதில்லை. பின்னலை இறுக்கி முடிந்துவிட்டு எழுந்து போவாள்.