பத்து நாடாவில் மூன்று

என் கணவர் பாறையிலிருந்து விழுந்தார் என்று சொன்னால், "பாறை வழுக்கிவிட்டதா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வழுக்கவில்லை. அந்தப் பாறையின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. தப்பு முழுக்க எங்கள் இருவருடையது. அதுவும் தொழிலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த தப்பு.

அவர் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். நான் அதே கம்பெனியில் கடைசிச் சோதனை பார்க்கிறவள். பேக்கிங் முடிந்த பெட்டிகளைத் திறந்து, சில பீஸ்களை மட்டும் உருவி எடுத்து, அளவும் தையலும் பார்ப்பேன். அவை சரியாக இருந்தால் மொத்தத்துக்கும் பாஸ். ஆயிரம் பீஸையும் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தால் கப்பல் கிளம்பாது. இந்த முறையில் தப்பே கிடையாது என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

பாறை ஏறும் பைத்தியம் எங்களைக் கலியாணத்துக்குப் பிறகு பிடித்தது. பெங்களூருப் பக்கம் போய் முறையாகக் கற்றுக்கொண்டோம். சேவூருக்கு அப்பால் ஒரு கரடு உண்டு, மொட்டையான பாறைக் குன்று. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கயிற்றுப் பையோடு அங்கே போய்விடுவோம். ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர் எங்களைப் பார்க்கும்போதெல்லாம், "அக்கட்டால படி இருக்குதுங்கொ, இப்படி எதுக்குங்கொ சாகறீங்கொ?" என்று கேட்பார். படியில் ஏறினால் உச்சிக்குப் போகலாம்தான். ஆனால் எங்களுக்கு வேண்டியது உச்சி இல்லை, விரிசல்.

கரட்டின் கிழக்குப் பக்கம் ஏழாள் உயரத்துக்கு ஒரே விரிசல் ஓடுகிறது. அடியில் விரல் நுனி மட்டும் நுழையும். இடுக்கில் விரலைச் செருகி முறுக்கித் தொங்கித்தான் கிளம்ப வேண்டும். நடுவில் உள்ளங்கை போகும் அகலம். அங்கே கட்டைவிரலை உள்ளே மடக்கினால் கை தானாக இறுகிக்கொள்ளும். அதற்கும் மேலே தோளையே உள்ளே விட்டு நெளிந்து போகிற அகலம். கடைசியில் பரண் போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல். நாலு விதமான வேலை ஒரே விரிசலில் கேட்கும். மூன்று மாதமாக அதையே சுற்றிச் சுற்றி வந்தோம்.

அந்தப் பாறையில் ஆணி எதுவும் அடித்து வைத்திருக்கவில்லை. முதலில் ஏறுகிறவரே விரிசலுக்குள் ஆப்பு மாதிரியான உலோகத் துண்டுகளைச் செருகி, அதில் நாடா வளையத்தை மாட்டி, வளையத்தில் கயிற்றை மாட்டிக்கொண்டே போக வேண்டும். கீழே இருப்பவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பார். விழுந்தால் கடைசியாகச் செருகியது தாங்கும். அது தாங்காவிட்டால் அதற்குக் கீழே உள்ளது. அவ்வளவுதான் பாதுகாப்பு.

இந்த நாடா வளையங்களை எல்லோரும் கடையில் வாங்குகிறார்கள். நாங்களும் வாங்கியிருக்கலாம். திருப்பூர்க்காரன் போய்த் தைத்த நாடாவைக் கடையில் வாங்குவதா என்று அவருக்கு ஒரு வீம்பு. நல்ல நைலான் நாடா வரவழைத்து, பேண்ட் பாக்கெட் ஓரத்தில் நெருக்கித் தையல் அடிக்கும் பார்டேக் மெஷினில், வளையத்துக்கு நாலு பார்டேக் வீதம் பத்து வளையம் தைத்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். மூன்றை உருவினேன். திருப்பிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். இரும்பு மாதிரி இருந்தது. "பாஸ்" என்று சிரித்தபடி பையைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு காலை அவர் நன்றாகவே ஏறினார். விரல் அகலம் தாண்டி, கை அகலம் தாண்டினார். இரண்டாளுயரத்தில் மூன்றாவது துண்டு, ஐந்தாளுயரத்தில் நான்காவது. தோள் அகலத்தில் மூச்சு வாங்க நெளிந்து போய், பரணுக்கு அடியில் ஐந்தாவதைச் செருகினார். நாடாவை மாட்டிக் கயிற்றையும் மாட்டிய பிறகு கீழே பார்த்துக் கத்தினார்.

"இறுக்கு புள்ள. ஒரு நிமிசம் கயித்துல ஒக்காந்துக்கறேன்."

இறுக்கினேன். அவர் பாறையை விட்டுப் பின்னால் சாய்ந்தார். 'பர்ர்' என்று ஒரு சத்தம். எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்தான். தினமும் எங்கள் தளத்தில் தப்பாகத் தைத்த பீஸைப் பிரிக்கும்போது கேட்பது. அந்த இடத்தில், அந்த உயரத்தில் அதைக் கேட்டதும் எனக்கு என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை. அதற்குள் கயிறு என்னை வெடுக்கென்று மேலே இழுத்துப் பாறையோடு மோத வைத்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் நான்காவது துண்டுக்குக் கொஞ்சம் கீழே தொங்கி ஆடிக்கொண்டிருந்தார். அதுவும் விட்டால் அடுத்தது இரண்டாளுயரத்தில்தான் இருக்கிறது. கயிறு இறுகுவதற்குள் அவர் தரைக்கு வந்துவிடுவார்.

"ஏனுங்க! அடி பட்டுருச்சுங்களா?"

"முட்டி சிராய்ச்சிருக்குது, வேறொண்ணுமில்ல. நாடா அறுகல புள்ள, தையல் பிரிஞ்சிருச்சு." தலைக்கு மேலே இருந்த நாடாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார். "இப்ப நான் தொங்கறனே, இந்த நாடா, நீ பாத்ததுதான?"

"பாத்ததுதானுங்க. எல்லாம் பாத்தாச்சுங்க."

நான் யோசித்துச் சொல்லவில்லை. வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் வந்து எந்தப் பெட்டியைக் காட்டிக் கேட்டாலும் என் வாய் இதைத்தான் சொல்லும். பழகிய வாய், முந்திக்கொண்டுவிட்டது.

"செரி, அப்ப மெதுவா எறக்கு."

கயிற்றைத் தளர்த்தக் கை போய்விட்டது. அவர் முழு எடையும் குலுங்கிக் குலுங்கி அந்த ஒரு நாடாவில் இறங்கப் போகிறது. அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. கயிற்றை அப்படியே பிடித்து நிறுத்தினேன்.

"இல்லீங்க! பாக்கலீங்க! மூணுதான் பாத்தேன்! அது எதுன்னு எனக்குத் தெரியாதுங்க!"

அவர் ஆட்டத்தைக் காலால் நிறுத்தினார். வலது கையை மெல்ல விரிசலுக்குள் விட்டு இறுக்கி, நாடாவில் எடை விழாமல் நான்காவது துண்டின் பக்கம் வரை ஏறினார். இடது கையால் இடுப்பிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்து உள்ளே திணித்து, எங்கள் நாடாவே இல்லாமல், அந்தத் துண்டோடு வந்த கம்பி வளையத்திலேயே கயிற்றை மாட்டினார். ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

"இப்ப எறக்கு."

இறக்கினேன். வரும்போது அந்த நாலாவது நாடாவையும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். நாலு பார்டேக்கில் இரண்டில்தான் அடி நூல் இருந்தது. மற்ற இரண்டில் மேல் நூல் சும்மா படுத்திருந்தது, நகத்தால் கீறினாலே எழுந்து வந்தது. பச்சைப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். திருப்பியிருந்தால் போதும்.

அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "நாந்தானுங்க, நாந்தான் உங்களக் கொல்லப் பாத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"நீ மட்டுமில்ல" என்றார். "தெக்கறப்பொ நடுவுல பாபின்ல அடி நூலு தீந்துருச்சு. ரெண்டு நாடா போனப்பறந்தான் பாத்தேன். வேற பாபின் போட்டு மிச்சத்தத் தெச்சேன். அந்த ரெண்டையும் தனியா எடுத்து வெக்கல. செக்கிங்ல எப்படியும் நீ புடிச்சுருவியேன்னு பையிலயே போட்டுட்டேன்."

அழுகை அப்படியே நின்றுவிட்டது. செக்கிங்கில் பார்த்துக்கொள்வார்கள். தையல்காரர்கள் சொல்லி இதை நான் கேட்காத நாளே கிடையாது. கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும். என் வீட்டு மனுசனே, தன் உயிரைத் தொங்கவிடப் போகிற நாடாவுக்கே இதைச் செய்திருக்கிறார். கையிலிருந்த நாடாவாலேயே அவர் தோளில் இரண்டு போட்டேன். அவர் தடுக்கவில்லை.

"தெரிஞ்சேவா ஏறுனீங்க?"

"ஏறறப்ப நெனப்பே இல்ல புள்ள. ஒண்ணு பிரிஞ்சதும்தான் நெனப்பு வந்துச்சு, இன்னொண்ணும் இருக்குதேன்னு." சிராய்த்த முட்டியைத் தடவிக்கொண்டார். "அதனாலதான உன்னயக் கேட்டேன். நீ எல்லாம் பாத்தாச்சுங்கன்னே. செரின்னு எறக்கச் சொல்லிட்டேன்."